கண்ணாடிக்குள் படுத்திருந்தவன்

பெட்டிக்கு இன்னும் கரண்டே கொடுக்கவில்லை. ஆனாலும் அதன் கருத்த கண்ணாடியில் தம்பி பாண்டுரங்கன் மல்லாந்து படுத்திருந்தான். ஏகாம்பரம் திரும்பிப் பார்த்தான். தம்பி ஸ்டூலில் உட்கார்ந்து ஒயரைச் சீவிக்கொண்டிருந்தான்.

உத்திரமேரூர் கடைத்தெருவில் தம்பி வைத்திருக்கும் ரேடியோ ரிப்பேர் கடை அது. ஏரிப் பக்கமிருந்து வந்த மழை தகரக் கூரையில் இரைந்துகொண்டிருக்க, உள்ளே ஈயம் உருகும் நெடியும் ஈர நெல்லின் புழுங்கிய வாடையும் கலந்து நெஞ்சை அடைத்தன. நெல் வாடை ஏகாம்பரத்தின் தோளோடு வந்தது. மண்டியில் மூட்டை தூக்கும் தோள். அம்மா போன பிறகு தம்பி அந்தத் தோளில்தான் வளர்ந்தான். அவனை விட்டால் ஏகாம்பரத்துக்கு யாரும் இல்லை.

காசு போட்டு விளையாடும் அந்த ஆளுயர வீடியோ கேம் பெட்டி, காஞ்சிபுரத்தில் மூடிப்போன ஒரு கடையிலிருந்து வந்தது. உள்ளே விளையாட்டு செத்துவிட்டது, திரை மட்டும் பிழைத்திருந்தது. துபாயிலிருந்து சிநேகிதன் அப்துல் கனி கொண்டுவந்த கம்ப்யூட்டரை அந்தத் திரையில் மாட்டி, ஊரிலேயே முதல் கம்ப்யூட்டர் கிளாஸ் நடத்தத் தம்பிக்கு ஆசை.

“டேய் பாண்டு, கண்ணாடியில நீ படுத்துக்கினு கீறடா.”

“பேஜார் பண்ணாதண்ணா. காலையில நாஷ்டா துன்னியா இல்லியா?”

சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒயர்களைப் பற்றவைத்து ஸ்விட்சைத் தட்டினான். கொசுக்கூட்டம்போல் ஒரு ரீங்காரம். கருப்புத் திரையில் எழுத்துகள் வந்தன. எல்லாம் பக்கவாட்டில் படுத்திருந்தன.

“பாத்தியா? பிக்சர் டியூபையே நெட்டுக்குத்தா மாட்டிகீறானுங்க. அதான் எல்லாம் படுத்துக்கினு கீது. பொட்டியச் சாய்ச்சா எய்ந்துக்கும். வாண்ணா, மண்டி வேலைய இங்க காட்டு.”

ஏகாம்பரம் தோள் கொடுத்துச் சாய்த்தான். எழுத்துகள் நிமிர்ந்தன. தம்பி கைதட்டிச் சிரித்தான்.

எழுத்துகளுக்குப் பின்னால் தம்பி இன்னும் படுத்துத்தான் இருந்தான். இப்போது தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி. மூக்கில் பஞ்சு. கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தது.

ஒரு புரட்டில் எழுத்து எழுந்ததே. இன்னொரு புரட்டில் தம்பி எழ மாட்டானா?

படிக்காத தோளுக்கு வேறு வழி தெரியவில்லை. குனிந்தான்.

“இன்னாண்ணா பண்ற? ஒயரு அறுந்துடும்! யண்ணா!”

தம்பி கத்தக் கத்தப் புரட்டினான். ஒயர்கள் தெறித்தன. பிளக் பிடுங்கிக்கொண்டது. ரீங்காரம் நின்றது. எழுத்துகள் அணைந்தன. கண்ணாடி மட்டும் இருளவில்லை.

உள்ளே தம்பியின் கால் அசைந்தது. கட்டு அவிழ்ந்தது. மெல்லக் கையை ஊன்றி உட்கார்ந்தான். பஞ்சைப் பிடுங்கினான். நின்றான்.

“எய்ந்துட்டடா! டேய் பாண்டு, எய்ந்துட்டடா!” ஏகாம்பரத்துக்குச் சிரிப்பும் அழுகையுமாக வந்தது.



முதுகுக்குப் பின்னால் ஸ்டூல் உருண்டது.

திரும்பினான். தம்பி தரையில் கிடந்தான். வாய் திறந்து. கண் திறந்து. தொட்டான். ஜில்லென்று.

பாய்ந்து பெட்டிக்குத் தோள் கொடுத்தான். முக்கினான். அசையவில்லை. மறுபடியும். அசையவில்லை.

கண்ணாடிக்குள் தம்பி கிட்டே வந்தான். வெளியே கிடக்கும் தன்னைப் பார்த்தான். பிறகு அண்ணனைப் பார்த்தான். இரண்டு கையாலும் கண்ணாடியை அறைந்தான். சத்தமில்லை. வாய் மட்டும் ‘அண்ணா’ என்று திறந்து திறந்து மூடியது.

அவன் மூச்சில் கண்ணாடி பனித்தது. உட்பக்கமாக.