மாடியிலிருந்து இறங்கிய ஓட்டுப் பெட்டி

மாணவர் தலைவர் தேர்தலில் சிட்டு ஜெயித்துவிட்டாள். கேப்டனைவிட மூன்று ஓட்டு அதிகம். கால்பந்து அணித் தலைவன் என்பதால் அவனை எல்லாரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவனையே தோற்கடித்ததை அவளால் நம்பவே முடியவில்லை.

துள்ளிக்கொண்டு படியிறங்கி வந்தபோது, காலில் மாவுக்கட்டுப் போட்ட இரண்டாம் வகுப்புச் சிறுமி கேட்டாள்: “அக்கா, எலெக்‌ஷன் முடிஞ்சுடுச்சா?”

“முடிஞ்சுடுச்சே. நீ ஓட்டுப் போடலையா?”

“பெட்டி மூணாவது மாடியில இருக்குன்னாங்க. நான் எப்படி ஏறுவேன்?”

அங்கிருந்த மற்றவர்களையும் சிட்டு விசாரித்தாள். ஓட்டுப் போட வேண்டிய இடைவேளை ஒருவனுக்குச் சாப்பாட்டு வரிசையிலேயே போய்விட்டது. இன்னொருத்திக்குத் தேர்தல் நடந்ததே தெரியாது. கேட்கக் கேட்க, பள்ளியில் பாதிப் பேர்கூட ஓட்டுப் போடவில்லை என்று தெரிந்தது.

சிட்டுவின் சந்தோஷம் புஸ்ஸென்று இறங்கிவிட்டது. நேராக ஆசிரியர் அறைக்குப் போனாள்.

“டீச்சர், இன்னொரு தடவை ஓட்டெடுப்பு வைக்கணும்.”

டீச்சர் பேனாவைக் கீழே வைத்தார். “தோத்தவங்க இப்படிக் கேட்டுப் பாத்திருக்கேன். நீ ஜெயிச்சிருக்கியேம்மா.”

“நிறைய பேர் ஓட்டே போடல டீச்சர்.”

“ஆர்வம் இருந்தா வந்திருப்பாங்க. வராதவங்களை எதுக்கு இழுத்துட்டு வரணும்?”

“ஆர்வம் இல்லையா, வர முடியலையான்னு நாம கேக்கவே இல்லையே.”

டீச்சர் அவளையே பார்த்தார். “இந்தத் தடவை நீ தோத்துடலாம்.”

“தெரியும் டீச்சர். ஆனா வைக்கணும்.”

மறுநாள் பெட்டி கீழே இறங்கியது.

“உனக்கு மறை கிறை கழண்டுடுச்சா?” என்று கேட்டுக்கொண்டே கேப்டன் பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்தான். டீச்சர் பின்னாலேயே வந்தார்.

வகுப்பு வகுப்பாகப் போனார்கள். சாப்பாட்டுக்கூடத்தில் பெட்டியை வைத்துக்கொண்டு நின்றார்கள். அங்கே ஒரு பெரிய வகுப்புப் பையன் கையைக் கட்டிக்கொண்டான்.

“யார் வந்தாலும் ஒண்ணுதான். நான் போடல.”

“அப்ப ரெண்டு பேருமே வேண்டாம்னு எழுதிப் போடு. அதையும் எண்ணுவோம்” என்றாள் சிட்டு.

“நிஜமாவா?”

டீச்சர் தலையாட்டினார். அவன் உற்சாகமாகக் கொட்டை எழுத்தில் எழுதிப் போட்டான்.

அன்று மாலை பெட்டி நிரம்பி வழிந்தது. எண்ணி முடித்தபோது கேப்டன் ஜெயித்திருந்தான்.

“உனக்குத் தேவையா இது?” என்றாள் சிட்டுவின் தோழி. சிட்டு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

அடுத்த நாள் காலையில் பள்ளி வாசலில் கேப்டனை ஒரு கூட்டம் சூழ்ந்திருந்தது.

“அண்ணா, உங்களுக்குத்தான் ஓட்டுப் போட்டேன். எங்க வகுப்புக்கு மைதானம் எப்பக் கிடைக்கும்?”

“நான் உனக்குப் போடல. இருந்தாலும் குழாய்ல தண்ணி வரணும்.”

“வரிசையா வாங்கப்பா, வரிசையா வாங்க” என்று கேப்டன் கெஞ்சினான். நெற்றியெல்லாம் வியர்வை. சிட்டுவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “சிட்டு, கொஞ்சம் வந்து காப்பாத்தேன்.”

“இரு, எனக்கும் உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்” என்று சொல்லிவிட்டு, சிட்டு வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.