காலால் தட்டுகிறவள்

செத்தவர்கள் வீட்டைக் கழுவிக் கொடுப்பது என் தொழில். ஓக்லஹோமாவில் எங்கள் பக்கம் இதற்கு என்னை விட்டால் வேறு ஆள் கிடையாது. பதினாறு வருஷத்தில் எந்த வீட்டிலும் எனக்குக் குமட்டியதில்லை. ஹார்லன் பிக்கெட் வீட்டில் குமட்டியது. நாற்றத்தால் இல்லை, அந்த மனுஷனால்.

வியாழக்கிழமை, பட்டப்பகல் மூன்று மணிக்குப் போனேன். வாசற்கதவில் நெஞ்சு உயரத்தில் ஓர் ஓட்டை. வெளியே பலகைத் தரையில் ரத்தமும் பீச் பழப் பாகும் கலந்து காய்ந்து கிடந்தன. ஈக்கள் இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை. உள்ளே ஹார்லன் நாற்காலியில் சாய்ந்து, டப்பா மத்தி மீனை இடது கையால் வழித்துத் தின்றுகொண்டிருந்தார். வலது கை மடியிலிருந்த துப்பாக்கியைப் பிடித்திருந்தது.

போன வியாழன் பக்கத்து வீட்டு ஓப்பல் அம்மாள், எழுபத்திரண்டு வயசு, பீச் பழம் சுட்டு, சூட்டோடு பாத்திரத்தைத் தூக்கி வந்திருக்கிறாள். இரண்டு கையும் பாத்திரத்தில். இங்கே எல்லாரும் செய்வதுபோல ஷூ நுனியால் கதவடியில் இரண்டு தட்டு தட்டினாள். எவனோ கதவை உதைத்து உடைக்கிறான் என்று நினைத்தாராம் ஹார்லன். யாரென்று கேட்கவில்லை. ஜன்னலில் எட்டிப் பார்க்கவில்லை. கதவோடு சேர்த்துச் சுட்டுவிட்டார். அவள் வாசலிலேயே செத்தாள்.

தன் வீட்டில் பயந்துபோன மனுஷன், வழக்கு இல்லை என்று எழுதிக்கொண்டு போனது போலீஸ். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் வரிசையில் நின்று அவர் கையைக் குலுக்கினார்கள். தூ!

என்மேலும் எனக்கு அருவருப்புதான். சனிக்கிழமைகளில் துப்பாக்கி வகுப்பு எடுப்பவள் நான். ஹார்லன் என்னிடம் படித்தவர். வகுப்பு முழுக்க அவர் விரல் ட்ரிக்கரிலேயே கிடந்தது. எதிரே யாரென்று தெரியும்வரை விரல் வெளியேதான் இருக்கணும் என்று மூன்று முறை சொன்னேன். நான்காவது முறை சொல்லச் சலித்துப்போய்ச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

இப்போதும் விரல் உள்ளேதான் இருந்தது.

“விரலை வெளியே எடுங்க, ஹார்லன்.”

“நீ தரையைத் தேய்ம்மா, வெர்னா. தினமும் மூணரைக்கு வந்து கதவை உதைக்கிறா அந்தக் கிழவி. இன்னைக்கு விடமாட்டேன்.”

நாலு மணிக்குள் மகள் கோரா வந்து தன்னைக் கூட்டிப்போவாள் என்றும் சொன்னார். அந்தப் பெண்ணும் இதே கதவுக்குத்தானே வருவாள். துப்பாக்கியைக் கேட்டேன், கெஞ்சியும் பார்த்தேன். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

வெளியே போய்ப் பலகைகளைக் கழுவினேன். உள்ளே வந்து கதவைச் சாத்தியபோது பினாயில் நெடிக்கு மேலே இன்னொரு வாசனை எழுந்தது.

சூடான பீச். வெண்ணெய். லவங்கப்பட்டை.

தட்.

கதவின் அடியில்.

ஹார்லன் துப்பாக்கியை உயர்த்தினார். பாய்ந்து அவர் மணிக்கட்டை முறுக்கிப் பிடுங்கினேன். தோட்டாக்களை உருவினேன், குழலில் இருந்த ஒன்றையும் தள்ளினேன். அது உருண்டு நாற்காலிக்கடியில் போனது. கதவைத் திறந்தேன்.

யாரும் இல்லை.

நான் கழுவிய ஈரப் பலகையில் இரண்டு சின்ன ஷூ தடங்கள், கதவைப் பார்த்தபடி. அவை காயும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு சாத்தினேன்.

தட்.

பட்டை வாசனை இப்போது என் பிடரியில்.

தட். கதவு அதிர்ந்தது.

டிக்.

அந்தக் கடைசிச் சத்தம் கதவிலிருந்து வரவில்லை. என் கையிலிருந்து வந்தது. காலித் துப்பாக்கி கதவை நோக்கி நீண்டிருந்தது, நெஞ்சு உயரத்தில். என் விரல் உள்ளே, முழுசாக அழுத்தியபடி.

“அப்பா, கதவைத் திறங்க. ரெண்டு கையிலயும் பெட்டி இருக்கு,” என்றது வெளியே கோராவின் குரல்.

ஹார்லன் மெல்லச் சிரித்தார். பல்லிடுக்கில் மத்தி.

“பாத்தியா வெர்னா? இப்ப நீயும் என் ஆளுதான்.”

வகுப்பை அன்றோடு விட்டேன். என் துப்பாக்கிகளையும் கொடுத்துவிட்டேன். தனியாக இருப்பவள், இருந்தாலும் பரவாயில்லை என்றுதான் கொடுத்தேன். விரலைச் சோப்புப் போட்டு எத்தனையோ தடவை கழுவிவிட்டேன், மத்தி வீச்சம் போகவில்லை.

நேற்று மூணரைக்கு ஓப்பல் அம்மாள் என் வீட்டுக் கதவடியில் தட்டினாள். யாரென்று கேட்டேன். ஜன்னலில் பார்த்தேன். பிறகுதான் திறந்தேன். வாசலில் ஆளில்லை, ஆவி பறக்க ஒரு கண்ணாடிப் பாத்திரம் மட்டும் இருந்தது. கொதித்தது, கனமாகவும் இருந்தது; ஏப்ரன் துணியால் இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினேன்.

திரும்பினால் கதவு சாத்தியிருந்தது.

கை ஒழியவில்லை. பழக்கத்தில் ஷூ நுனியால் அடியில் தட்டினேன்.

உள்ளே யாரும் இல்லாத என் வீட்டுக்குள், நெஞ்சு உயரத்தில், டிக் என்று கேட்டது.