ஆறிப்போன பாய்லர்

பாய்லரை அணைத்து இரண்டு நாளாகியும் புகைபோக்கியின் சென்சார் சும்மா இருக்கவில்லை. கண்ட்ரோல் ரூம் திரையில் படுத்துக் கிடக்க வேண்டிய பச்சைக் கோடு மெல்ல எழுந்து, மெல்ல இறங்கி, கொஞ்சம் நின்று, மறுபடி எழுந்தது. கரியமில வாயு. கூடவே கொஞ்சம் ஈரம், கொஞ்சம் வெதுவெதுப்பு.

கருவி கெட்டிருக்கும் என்றுதான் சந்திரலேகா முதலில் நினைத்தாள்.

மானகிரிக்கு அப்பால் பொட்டலில் நின்ற அந்த ஆலை, சீமைக் கருவையை எரித்து மின்சாரம் எடுத்தது. வாசலில் 'பசுமை மின்சாரம்' என்று பெரிய போர்டு. அவள் அங்கே சுற்றுச்சூழல் மேலாளர். சாம்பலைப் பிடிக்கும் வடிகட்டிப் பைகள் கிழிந்து, ஊரில் காயப்போட்ட துணியெல்லாம் கரி படிந்தபோது, ஆலையை நிறுத்தச் சொல்லித் தலைமை அலுவலகத்தில் சண்டை போட்டது அவள்தான். நிறுத்தினார்கள். கூலி ஆட்களுக்கு வேலை போயிற்று. அன்றிலிருந்து அவள் வந்தால் பேச்சு நின்றது. கேண்டீனில் அவளுக்கு மட்டும் டீ தீர்ந்துபோனது. காலையில் அவள் ஸ்கூட்டி சீட்டில் யாரோ ஈரச் சாம்பலை அப்பியிருந்தார்கள்.

"சல்மான், இதப் பாத்தீகளா?"

ஆபரேட்டர் சல்மான் திரையைப் பார்க்காமலே சொன்னான். "மத்தியானத்துல இருந்தே அப்படித்தான் மேடம். வாசல்ல விசாரிச்சுட்டேன். சுத்தம் பண்ணப் போனவுக எல்லாரும் வெளிய வந்துட்டாக. உள்ள ஆளு யாரும் இல்ல."

உள்ளே ஆள் உண்டா என்று அவள் கேட்கவே இல்லை.

பிளான்ட் மேனேஜர் ஈஸ்வரன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "புதுப் பை மாட்டியாச்சு. பொழுது சாயப் பத்தவைக்கிறோம்."

"சார், உள்ள ஏதோ இருக்கு. கோட்டப் பாருங்க."

"ஒங்களுக்குத் தெனமும் ஒரு காரணம் கெடைக்கும்மா. ஏன்டா சல்மான், ஒனக்கு ஏதும் தெரியுதா?"

சல்மான் தரையைப் பார்த்தான். "இல்ல சார்."

"நீங்களே போயிப் பாத்துட்டு வாங்க. அதுக்கு மேல வாயத் தெறக்கக் கூடாது."

டார்ச்சையும் வாக்கி டாக்கியையும் எடுத்துக்கொண்டு அவள் தனியாகத்தான் போனாள். தகரக் கூரையில் சாய்ந்த வெயில் சிவந்து கிடக்க, கருவைக் கட்டைகளின் புளித்த வாசமும் பழைய கிரீஸின் நாற்றமும் தொண்டையில் வந்து ஒட்ட, இரும்புப் படிகளில் தன் செருப்புச் சத்தத்தைத் தவிர வேறெதுவும் கேட்காத அந்த நிசப்தத்தில், யாரோ காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பது போலிருந்தது. பாய்லருக்குள் ஆள் நுழையும் சின்னக் கதவின் தாழை நீக்கினாள். உள்ளிருந்து காற்று வந்து முகத்தில் பட்டது. ஈரமான, வெதுவெதுப்பான காற்று. தூங்கி எழுந்த வாயின் வாடை.

டார்ச் அடித்தாள். சாம்பல். சுவரெல்லாம் கருங்குழாய்கள். யாரும் இல்லை.

"சல்மான், கோடு எப்படி இருக்கு?"

"ஏறுது... எறங்குது மேடம்."

பயத்தில் அவளுக்கு மூச்சு அடைத்தது.

"நின்னுருச்சு மேடம்."

அவள் மூச்சை விட்டாள்.

"ஏறுது."

மறுபடி அடக்கினாள். வேண்டுமென்றே. நெஞ்சு வலிக்கும்வரை.

"நின்னுருச்சு."

விட்டாள்.

"ஏறுது மேடம். என்ன செய்யிறீக அங்க?"

ஓடினாள். கதவைச் சாத்தவில்லை. படியில் முழங்கால் இடித்தது. கட்டைக் குவியல். லாரிகள். வாசல். இவ்வளவு தூரம் வந்தாயிற்று. கையில் வாக்கி டாக்கி கரகரத்தது.

"மேடம், கோடு இப்ப நாயி எளைக்கிற மாதிரி ஓடுது."

"பத்தவைக்காதீக! சல்மான், சார்ட்ட சொல்லுங்க! அது என்..."

சொல்ல வரவில்லை. எப்படிச் சொல்வது?

ஈஸ்வரனின் குரல் குறுக்கே வந்தது. "கதவச் சாத்திட்டுப் பத்தவைங்கடா."

எங்கோ தூரத்தில் பாய்லருக்குக் காற்று ஊதும் மின்விசிறி உறுமத் தொடங்கியது.

முதலில் நெஞ்சுக்கு நடுவே ஒரு சூடு. நெஞ்செரிச்சல் மாதிரி. பிறகு அது பரவியது. தொண்டையில் கருவை விறகின் வாசம். இருமினாள். காவலாளி வீரணன் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றார். பின்னால் நகர்ந்தார். பாட்டில் கீழே விழுந்தது.

வாக்கி டாக்கியில் சல்மானின் குரல் நிம்மதியாகக் கேட்டது. "சார், பை நல்லா வேல செய்யுது. மேல பொகையே வரல."

வாசல் விளக்கின் கீழ் சந்திரலேகா கத்த முயன்றாள். திறந்த வாயிலிருந்து சத்தம் வரவில்லை. கறுப்பாக, தடித்து, நிற்காமல் புகை மட்டும் எழுந்து, சுத்தமான அந்தி வானத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.