பனிவண்டியில் ஏறியவர்கள்

மாலை மங்கும் நேரத்தில், காளைகள் பூட்டிய தூர்சுனின் பனிச்சறுக்கு வண்டி அந்த மலைக்கிராமத்துக்குள் நுழைந்தது. ரஷ்யர் கையிலிருந்த சரிகமிஷ் நகரைப் பிடிக்க மலையேறிய துருக்கிப் படைக்காக வண்டி நிறைய ரொட்டி. ரஷ்யர்களைத் துரத்திவிட்டுச் சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் எல்லோரையும் மேலே அனுப்பியிருந்தார்கள். வழி நெடுகப் பனிக்கு வெளியே துப்பாக்கி முனைகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்து அழுவதைத் தூர்சுன் எப்போதோ விட்டுவிட்டார்.

ஊரில் ஒரே ஒரு வீட்டுக்குத்தான் கூரை மிச்சம். கதவைத் தள்ளினார்.

உள்ளே சிப்பாய்கள் சுவரோரமாகத் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். அடுப்பில் நெருப்பில்லை. வியர்வை நாற்றமோ புகையிலை நாற்றமோ இல்லை. அத்தனை ஆண்கள் அடைந்து கிடந்த அறையில் எந்த வாடையுமே இல்லை.

"கதவைச் சாத்துங்க பெரியப்பா. குளிருது."

சாத்தினார். "ரொட்டி கொண்டாந்திருக்கேன்டா. கல்லு மாதிரிதான் இருக்கும். பல்லு இருக்கிறவன் கடிச்சுக்கோ."

யாரோ மெல்லச் சிரித்தான்.

ஒவ்வொரு மடியிலும் ஒரு ரொட்டியாக வைத்துக்கொண்டே போனவர், ஒரு கையைத் தெரியாமல் தொட்டுவிட்டார்.

விறகுக்கட்டை போல இருந்தது.

குனிந்து முகத்தைப் பார்த்தார். திறந்த கண்களின் மேல் பனி படிந்திருந்தது. அடுத்த முகத்திலும் அப்படியே. அதற்கடுத்த முகத்திலும்.

"சண்டை முடிஞ்சுதா, பெரியப்பா?"

எந்த உதடும் அசையவில்லை.

ஓடத்தான் நினைத்தார். மலை மலையாய் அலைந்த களைப்பு, பயத்தையும் தின்றுவிட்டிருந்தது. "முடிஞ்சுது. வீட்டுக்குப் போங்கடா" என்றார்.

வெளியே வந்து காளைகளை அதட்டினார். ரொட்டியெல்லாம் அந்த வீட்டிலேயே இறக்கியாயிற்று; காலி வண்டிதான். ஆனாலும் காளைகள் முழங்கால் மடங்கத் தள்ளாடின. சறுக்குக் கட்டைகள் பனியை ஆழமாக உழுதுகொண்டு வந்தன.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"இன்னும் எவ்வளவு தூரம்?"

"கெட்டியாப் பிடிச்சுக்குங்க. இறக்கம் வருது."

வழியில் ஊருக்கு ஊர் வண்டி கொஞ்சம் கொஞ்சமாக இலகுவானது. ஓரிடத்தில் வெறிகொண்டு குரைத்த நாய் சட்டென்று வாலாட்டியது. இன்னோரிடத்தில் ஒரு பெண் கதவைத் திறந்து, வெறுந்தெருவைப் பார்த்துவிட்டு, சாத்தாமலே உள்ளே போனாள்.

தன் வீட்டு முற்றத்துக்கு வந்த பிறகும் கொஞ்சம் கனம் மிச்சமிருந்தது.

"ஏன்டா, நீ எந்த ஊரு?"

"பாக்தாத் பக்கம். வண்டி அவ்வளவு தூரம் போகுமா, பெரியப்பா?"

தூர்சுன் காளைகளை அவிழ்த்தார். வாசலில் அவர் மனைவி ஸெனெம் நின்றிருந்தாள்.

"யார்கிட்ட பேசறீங்க?"

"ஒரு பையன்."

அவள் காலி வண்டியைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு கம்பளியைக் கொண்டுவந்து வண்டியில் விரித்தாள்.

பனி உருகிக் கோடை வந்தது. முற்றத்து மண் காய்ந்து வெடித்தது. ஒருநாள் உச்சிவெயிலில் கம்பளியை உதறிவைக்கலாம் என்று ஸெனெம் வண்டியருகே போனாள்.

கம்பளியின் நடுவே, ஓர் ஆள் சுருண்டு படுக்கும் அளவுக்கு, உறைபனி வெளுத்துக் கிடந்தது.