பெல்ட் கழற்றிய பின்னும்

முனீஸ் வந்து சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. முதலிபாளையம் தொழிற்பேட்டையின் சுற்றுச்சுவரை ஒட்டிப் போகும் மண் ரோட்டின் கடைசியில் இருந்தது மதுமதியின் வீடு. ஞாயிற்றுக்கிழமை மதியம். எந்தப் பனியன் கம்பெனியிலும் மிஷின் ஓடவில்லை. வாரம் முழுக்க இரைந்துகொண்டே இருக்கும் ஊர் திடீரென்று வாயை மூடிக்கொண்டால் ஒரு மாதிரியாகத்தான் இருக்கும். கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர்கூட யாரோ நடப்பதுபோல் கேட்கும்.

வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் ஷெட். ஒரு காலத்தில் வரிசையாகத் தையல் மிஷின்கள் ஓடிய இடம். அந்தக் காலத்துப் பஞ்சு இன்னும் மூலை நூலாம்படைகளில் சாம்பல் நிறத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. இப்போது அங்கே நிற்பது வேன் மட்டும். வெள்ளைப் பெயிண்ட் பழுப்பேறிப்போன பழைய டீசல் வேன்.

"வாங்க தம்பி," என்றாள் மதுமதி. "புது பெல்ட்டு, புல்லி, டென்ஷனர் அத்தனையும் வாங்கி வெச்சிருக்கறனுங்க. இன்னைக்கு ஒண்ணுகூட உடாம மாத்திப்போடுங்க."

"போன மாசந்தானக்கா பெல்ட்டு போட்டோம்?"

"அதுவும் அந்துபோச்சுங்க. வீடு வந்து சேரப் பழசு ஒண்ணத்தான் மாட்டியிருக்குதுங்க."

முனீஸ் விருதுநகர்ப் பக்கத்து ஆள். ஊத்துக்குளி ரோட்டில் சின்னதாக ஒர்க்‌ஷாப் வைத்திருந்தான். எந்த வண்டியையும் பார்த்துப் பயப்படுகிற ரகமில்லை. ஆனால் இந்த வேனுக்கு முன்னால் நின்று பானெட்டைத் தூக்கும்போது மட்டும் அவனுக்கு ஏனோ ஒருமுறை திரும்பிப் பார்க்கத் தோன்றும்.

வேனை ஓட்டிக்கொண்டிருந்தவன் மதுமதியின் கணவன் மகுடேஸ்வரன். சேவூர்ப் பக்கத்துக் கிராமங்களில் விடியற்காலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு வந்து பனியன் கம்பெனியில் இறக்குவதுதான் பிழைப்பு. போன தை மாதம், வேனிலேயே நெஞ்சு அடைத்து, ஸ்டீரிங்கின் மேல் சாய்ந்தபடி போய்ச் சேர்ந்தான். இருக்கும்வரைக்கும் அந்த ஸ்டீரிங்கை அவள் தொடக்கூட விட்டதில்லை. காரியம் முடிந்ததும் அவள் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள், லைசென்ஸ் எடுத்தாள், அவன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

அன்றிலிருந்து பிடித்தது வினை.

வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று பேட்டரி விளக்கு சிவப்பாக எரியும், ஸ்டீரிங் கல்லாக இறுகும், இஞ்சின் கொதிக்கும். இறங்கிப் பார்த்தால் பெல்ட் நார் நாராகக் கிழிந்து கிடக்கும். பெண்கள் எல்லாரும் நடுரோட்டில் இறங்கி, வருகிற பஸ்ஸுக்கெல்லாம் கை காட்டுவார்கள். அவளுக்குக் காய்ச்சல் வந்த வாரம் நல்லான் என்கிற டிரைவர் ஓட்டினான். அந்த வாரம் ஒரு நூல்கூடப் பிரியவில்லை.

"எங்கண்ணன் உங்கள ஓட்ட உடமாட்டானுங்க அண்ணி, வண்டிய வித்துப்போடுங்க," என்றார் கொழுந்தனார். இன்னொரு தடவை வழியில் நின்றால் வேறு வேனைப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார் கம்பெனி மேனேஜர்.

மதுமதி யாரிடமும் சொல்லாதது ஒன்று இருந்தது. ஒவ்வொரு தடவையும் பெல்ட் அறுவதற்கு முன்னால் ஒரு சத்தம் வரும். குட்டையாக, மேலே ஏறி, வெட்டுப்பட்டாற்போல் நிற்கும் ஒரு விசில்.

மகுடேஸ்வரன் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ஷெட்டில் நின்றுகொண்டு நாக்கை மடித்து இப்படித்தான் விசிலடிப்பான். தண்ணீருக்கும் அதுதான், துண்டுக்கும் அதுதான். இரண்டாவது விசிலுக்குள் போய் நிற்காவிட்டால், மறுநாள் அவள் முழுக்கை ஜாக்கெட்தான் போட வேண்டியிருக்கும்.

"சத்தம் வருதுங்களா தம்பி?" என்று மட்டும் கேட்டாள்.

"பெல்ட்டு வழுக்குனா கீச்சுன்னு கத்தும்க்கா. இல்லன்னா புல்லி பேரிங் போயிருக்கும். கண்டுபிடிச்சிரலாம்."

பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரில் நீளமான ஸ்பேனரை மாட்டி இழுத்தான். இஞ்சின் முகப்பில் பாம்பாய் வளைந்து, எல்லாப் புல்லிகளையும் சுற்றி ஓடும் பெல்ட் தொளதொளத்தது. உருவி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். புல்லிகளை ஒவ்வொன்றாகக் கையால் சுழற்றிக் காதைக் கொடுத்துக் கேட்டான். ஒன்றிலும் கரகரப்பு இல்லை.

"இப்ப பெல்ட்டே இல்லாம ஒரு நிமிசம் ஸ்டார்ட் பண்ணுங்கக்கா. சத்தம் வரலன்னா கோளாறு இதுலதான்னு முடிவு பண்ணிரலாம்."

மதுமதி சாவியைத் திருப்பினாள். இஞ்சின் உறுமிப் பிடித்தது. கீழே இஞ்சினோடு இணைந்த கிராங்க் புல்லி மட்டும் சுழன்றது. மற்றவை எல்லாம் அசையாமல் நின்றன.

அப்போது விசில் கேட்டது.

முனீஸ் தோளிலிருந்த பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தான்.

"அக்கா... பெல்ட்டு எங்கிட்ட இருக்கு."

"தெரியுதுங்க."

"ஆஃப் பண்ணுங்க."

அணைத்தாள். இஞ்சின் குலுங்கி நின்றது. ஷெட்டில் டீசல் வாசனைக்கு அடியிலிருந்து இன்னொரு வாசனை மெதுவாக எழுந்தது. புகையிலையும் வியர்வையும் கலந்த, அவளுக்கு மட்டும் தெரிந்த வாசனை.

மறுபடியும் விசில்.

இஞ்சினிலிருந்து இல்லை. அவளுடைய முதுகுக்குப் பின்னாலிருந்து.

மதுமதி குனிந்து பார்த்தபோது அவள் கையில் துண்டு இருந்தது. எப்போது இறங்கினாள், கொடியிலிருந்து எப்போது எடுத்தாள், அவளுக்கே தெரியவில்லை. கால்கள் பாதி ஷெட்டைக் கடந்திருந்தன. செத்தவன் கூப்பிட்டதைவிட, தான் போனதுதான் அவளைப் பயமுறுத்தியது.

துண்டைக் கீழே எறிந்தாள்.

"புது பெல்ட்ட மாட்டலாம் வாங்க தம்பி."

"அக்கா, நாளைக்குப் பாத்துக்கலாமா?" முனீஸின் குரல் இறங்கியிருந்தது.

"நாளைக்கு விடியறதுக்குள்ள பொம்பளைங்க ரோட்டுல நிப்பாங்க. வாங்க."

பழைய புல்லிகளைக் கழற்றிப் புதியவற்றை முறுக்கினார்கள். முனீஸின் கையிலிருந்து போல்ட் இரண்டு தடவை நழுவியது. எடுத்துக் கொடுத்தவள் அவள்தான். பனியன் வேஸ்ட் துணியால் புல்லிப் பள்ளங்களைத் துடைத்துப் புது பெல்ட்டைக் கீழிருந்து சுற்றிக்கொண்டு வந்தார்கள். முனீஸ் டென்ஷனரை இழுத்துப் பிடித்துக்கொண்டான். கடைசிப் புல்லியின் மேல் பெல்ட்டின் வரிகளைச் சரியாக உட்கார வைக்க மதுமதி விரல்களை உள்ளே விட்டாள்.

முனீஸின் கையிலிருந்து ஸ்பேனர் பிடுங்கப்பட்டது.

நழுவவில்லை. பிடுங்கப்பட்டது. அது பறந்துபோய் எதிர்ச்சுவரில் மோதி விழுந்தது. டென்ஷனர் அறைந்தாற்போல் திரும்பியது. பெல்ட் இறுகி அவள் இரண்டு விரல்களைப் புல்லியோடு சேர்த்துக் கவ்விக்கொண்டது.

முனீஸ் அலறிக்கொண்டு வாசல்வரை ஓடிவிட்டான்.

சாவி அவள் இடுப்பில் இருந்தது. இஞ்சின் ஆறிக் கிடந்தது.

புல்லி அசைந்தது.

ஒரு மயிரிழை. பிறகு இன்னொரு மயிரிழை. யாரோ பொறுமையாகக் கையால் சுற்றுவதுபோல. நகம் உள்ளே போவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

காதோரத்தில் சூடாக, ஈரமாக, விசில்.

கூப்பிட்டால் வா என்கிறது அது. பழையபடி வந்து நில் என்கிறது. சரியென்று ஒரு வார்த்தை சொன்னால் விட்டுவிடும் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அவனும் அப்படித்தான்.

"வரமாட்டனுங்க," என்றாள்.

சொன்ன மாத்திரத்தில் அந்த 'ங்க' அவள் காதிலேயே விழுந்தது. விரல் போகிற நேரத்திலும் மரியாதை! அடிவயிற்றிலிருந்து கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. பயம் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை.

"வரமாட்டேன்டா!" ஷெட் அதிர்ந்தது. "விரல எடுத்துக்கிறயா, எடுத்துக்க. மீதி விரல்ல ஓட்டறேன். இது என்ற வண்டி, உன்ற வண்டியில்ல. நீ விசிலடிச்சுட்டே கெட!"

புல்லி நின்றது.

கூரையில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரும் நின்றாற்போல இருந்தது. ஓடிப்போன முனீஸ் வாசலிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என்ன நினைத்தானோ, பல்லைக் கடித்துக்கொண்டு ஓடிவந்து ஸ்பேனரை எடுத்து, டென்ஷனரில் மாட்டி, உடம்பு முழுவதையும் போட்டு இழுத்தான். விரல்கள் வெளியே வந்தன. ஒரு நகம் வரவில்லை.

பனியன் வேஸ்ட்டைச் சுற்றிக்கொண்டு, மறு கையால் அவளே பெல்ட்டைச் சரிசெய்தாள். சாவி போட்டாள். இஞ்சின் பிசிறில்லாமல் ஓடியது. விசில் இல்லை. முனீஸ் டீகூடக் குடிக்காமல் கிளம்பினான்.

"இது வண்டிக் கோளாறு இல்லக்கா," என்றான் போகும்போது.

"தெரியுமுங்க தம்பி. ஆனா வண்டி ஓடுமல்லங்க?"

மறுநாள் விடியற்கருக்கலில் சேவூர் ரோட்டில் பெண்கள் டிபன் தூக்குகளோடு காத்திருந்தார்கள். வேன் அலுங்காமல் வந்து நின்றது. பின்சீட்டுகள் நிறைந்துவிட்டதால், கம்பெனியில் துணி செக்கிங் வேலை பார்க்கும் வெள்ளையம்மாள் முன்கதவைத் திறந்தாள். ஏறப்போனவள் நின்றாள்.

"ஏம்மா மதுமதி, இந்த சீட்டு ஏன் இப்பிடி அமுங்கிக் கிடக்கு? தொட்டா சூடா வேற இருக்கு. யாராச்சும் இப்பத்தான் எறங்குனாகளா?"

மதுமதி திரும்பிப் பார்த்தாள். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்துச் சீட்டின் ரெக்ஸின், ஒரு கனத்த உடம்பு உட்கார்ந்திருப்பதுபோல் குழிந்து, மடிப்பு விரிந்து இருந்தது. விளிம்பில், முழங்கால் மடங்கும் இடத்தில், இரண்டு பள்ளங்கள்.

துணி சுற்றிய கையால் ஸ்டீரிங்கை இறுகப் பிடித்தாள்.

"யாரும் எறங்குலீங்கக்கா," என்றாள். "நீங்க அது மேலயே உக்காருங்க."

வெள்ளையம்மாள் சிரித்துக்கொண்டே ஏறித் தொப்பென்று உட்கார்ந்தாள். வேன் இடப்பக்கம் இரண்டு ஆள் கனத்துக்குச் சாய்ந்தது. சீட்டுக்கு அடியிலிருந்து நெரிபட்ட மூச்சு ஒன்று நீளமாக வெளியேறியது.

மதுமதி கியரைப் போட்டாள்.