மொறிஸ் ஓடாவியின் கதவு

பம்பு இன்னும் போடப்படவில்லை. ஆனாலும் ரயில்பெட்டிக்குள் தரை நனைந்திருந்தது.

மொறிஸ் குனிந்து, ஈரத்தை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்புக் கரித்தது. ஒழுக்குச் சோதனைக்குத் தண்ணீர் எடுப்பது ஸ்டேஷன் கிணற்றில். தேத்தண்ணி போட்டாலும் ஒரு குறை சொல்ல முடியாத தண்ணீர். "என்ன கண்றாவியோ" என்று முணுமுணுத்துக்கொண்டு பழைய துணியால் துடைத்தார்.

வெள்ளைக்காரன் காலத்து ஸ்டேஷன் அது. யுத்த காலத்தில் ரயில் வராமல் தண்டவாளத்தில் ஆடு மேய்ந்தது. யுத்தம் முடிந்த மறுவருடம் பக்கத்திலேயே பெரிய தகரக் கொட்டகை எழும்பி, புதுப் பெட்டிகள் செய்யும் வேலை தொடங்கியது. கதவு, ஜன்னல் பொருத்த மொறிஸ் ஓடாவியை விட்டால் வேறு யார்? டச்பார் கடற்கரையில் குடியிருக்கும் பறங்கியரில் அவரைப்போல் ஒரு தச்சன் இல்லை. மொறிஸின் கதவுக்குள் காற்றுகூடக் கேட்டுத்தான் நுழையும் என்று ஊர் சொல்லும்.

அந்தப் பெயர்தான் அவரைக் கெடுத்தது. ஆறு வருடத்துக்கு முன், நத்தார் பண்டிகைக்கு மறுநாள் காலை, கடல் எழும்பி வந்தபோது அவர் மூத்தவள் ஜிலியனோடு வீட்டுக்கு முன் ஒழுங்கையில் நின்றார். வீட்டு வாசலில் மனைவி வேராவும் சின்னவள் பியோனாவும். "கதவப் பூட்டிட்டு உள்ளுக்கே இரிங்க! என்ட கதவால தண்ணி வராது!" என்று கத்தினார். பாவி மனிதர்! தண்ணீர் கூரையைப் பிய்த்துக்கொண்டு இறங்கியது. கதவு மட்டும் எத்தனை உதைத்தும் திறக்கவில்லை. உள்ளேயிருந்து அவர்கள் தட்டத் தட்ட, கழுத்துவரை ஏறிய தண்ணீரில் ஜிலியனைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் போய்விட்டார்.

மிச்சம் அவள் ஒருத்திதான். பதின்மூன்று வயது. விடுமுறைக்குத் தனியே வீட்டில் விட மனம் வராமல் வேலைக்கும் கூட்டி வந்துவிடுவார். இப்போதும் வெளியே பம்புக்காரர் நல்லரத்தினத்தின் பக்கத்தில் வாங்கில் உட்கார்ந்திருந்தாள்.

"மகள், நல்லரத்தினம் மாமாவ விட்டு அங்கால இங்கால போகப்படாது."

"ஓம் டாடி. எத்தின தரம் சொல்லுவீங்க!"

சோதனை வேறொன்றுமில்லை. கதவுகளை அடைத்துவிட்டு, வெளியே நாலு பக்கமும் குழாயால் தண்ணீர் பீச்சுவார்கள். பொருத்தியவர் சோக்குக்கட்டியோடு உள்ளே இருந்து, ஒழுகும் இடத்தில் கோடு போட வேண்டும். இருபது நிமிடம். இடையில் ஒரு கதவைத் திறந்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பம்பு உறுமியது. தண்ணீர் கூரையில் அறைந்து, கண்ணாடிகளில் வழிந்து, பட்டப்பகல் வெளிச்சத்தையே கலங்கலாக்க, புது றெக்சின் மணமும் பெயின்ற் மணமும் மெல்ல மெல்ல அமுங்கி, அவற்றுக்கு அடியிலிருந்து சேற்று நாற்றமும் அழுகிய பாசி நாற்றமும் கிளம்பி மூக்கில் ஏறின. மொறிஸ் ஒவ்வொரு ஜன்னலாகத் தடவிப் பார்த்தார். ஒரு சொட்டும் ஒழுகவில்லை. பிறகு ஏன் சப்பாத்து நனைகிறது?

ஈரம் பெட்டியின் கடைசியிலிருந்து வந்தது. அங்கே சாமான் அறை. அதன் கதவடியில் நூல்போல ஒரு கசிவு.

டக். டக்.

உள்ளேயிருந்து.

"டாடி!"

அவர் அந்தக் கதவடிக்குப் போனார்.

"டாடி, கதவத் திறங்க! தண்ணி ஏறுது!"

பியோனா. ஆறு வருடமாக நித்திரையில் கேட்கிற அதே தட்டு. ஐயோ, பகலிலுமா? கதவின் மேலேயிருந்த சின்னக் கண்ணாடியைப் பார்க்கத் தைரியமில்லை. கை மட்டும் தானாகப் பிடியில் போய் நின்றது.

திறந்தால்? உள்ளே இருப்பது வெளியே வரும். வெளியே ஜிலியன் இருக்கிறாள். இவளையும் கொடுக்க முடியாது. முடியவே முடியாது.

முதுகைக் கதவில் கொடுத்தார். காலை ஊன்றினார். கண்ணை இறுக்கி மூடினார்.

"போ மகள்... டாடிய மன்னிச்சிரு. போயிரு."

தட்டு. தட்டு.

நகம் பிறாண்டும் சத்தம்.

பிறகு அதுவும் இல்லை.

பம்பு நின்றது. விசில் ஊதிற்று. நல்லரத்தினம் முன்கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"ஒரு கோடும் இல்லையோ? கெட்டிக்காரன்தான் மொறிஸ் அண்ணன்!" என்று சிரித்தார். "மகள் பயந்திட்டாவோ? சத்தமே இல்ல."

"மகளா? அவ உங்களோடதானே இருந்தவ!"

"இல்லையே. பம்பு போட முதல், உள்ளுக்குக் கூப்பிடுறாங்க எண்டு சொல்லிட்டுப் பின்பக்கத்தால சாமான் அறைக்குள்ள ஏறினா. நீங்கதான் கூப்பிட்டீங்க எண்டு நினைச்சு, நான்தான் வெளிக்கதவப் பூட்டி விட்டன்."

மொறிஸ் முதுகை எடுத்துத் திரும்பினார்.

கண்ணாடிக்கு அப்பால் பழுப்புத் தண்ணீர் உச்சிவரை நிறைந்து அசையாமல் நின்றது. ஜிலியனின் இரண்டு உள்ளங்கைகளும் கண்ணாடியில் ஒட்டியிருந்தன. அவள் கழுத்தைப் பின்னாலிருந்து, தோளில் ஏறிக்கொண்ட பிள்ளையின் கைபோல, ஒரு சின்னக் கை கட்டிப் பிடித்திருந்தது.