தலைவர் நாற்காலிக்கு அடியில் ஒரு சத்தம்

செத்துப் போன பிறகும் அப்பாவு தலைவர் நாற்காலியை விடவில்லை.

மூணுபாலத் தோட்டத்து மாரியம்மன் கோயில் அலுவலகம். காலையில் கூட்டிப் பெருக்க வந்தவள் கதவைத் திறந்தாள். அலறினாள். விளக்குமாறு ஒரு பக்கம் விழுந்தது, அவள் ஒரு பக்கம் விழுந்தாள்.

நாற்காலியில் அப்பாவு. மேசையில் அவர் தலை. பக்கத்தில் கோயிலின் பித்தளைக் கைமணி, ரத்தத்தோடு...

மணி அடித்து சாமியை எழுப்புவார்கள். இங்கே மணியால் அடித்து ஆளைத் தூங்க வைத்துவிட்டார்கள்!

தோட்டம் என்பது பெயர்தான். சுங்காய் பக்கத்தில் ரப்பரை வெட்டி, எண்ணெய் எடுக்கச் செம்பனை நட்டார்கள். செம்பனையை வெட்டி வீடு கட்டினார்கள். மிஞ்சியது கோயில் ஒன்றுதான். கோயில் மிஞ்சினால் கமிட்டி மிஞ்சும். கமிட்டி மிஞ்சினால் தலைவர் பதவிக்கு அடிதடி மிஞ்சும்.

ஆனால் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது கமிட்டி ஆளை இல்லை. கோயிலுக்குப் பொங்கல் வைக்கும் வீரம்மாவை!

காரணம் இருந்தது. முதல் நாள் சாயங்காலம் சர்க்கரைப் பொங்கலில் இனிப்பு பத்தவில்லை என்று அப்பாவு முகம் சுளித்தார். வீரம்மா அவரைக் கிழித்த கிழி தாமான் குடியிருப்பு முழுக்கக் கேட்டது. போதாக்குறைக்கு, கைமணி பூராவும் அவள் கைரேகை.

வாராவாரம் அதைப் புளி போட்டு விளக்குகிறவள் அவள்தான். கைரேகை இல்லாமல் போனால்தான் அதிசயம். இதையெல்லாம் யார் கேட்டார்கள்...

ஈப்போ நகரம். புந்தோங் வட்டாரம்.

லூயிஸின் கம்ப்யூட்டர் கடையில் போன் அலறியது.

லூயிஸ் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவர். தன் கை பட்டால் எந்த மெஷினும் பிழைத்துவிடும் என்று நம்புகிறவர். அவர் மனைவியிடம் கேட்டால் வேறு கதை வரும்.

"மச்சான், எங்க இருக்க?" பள்ளிக்கூடத்துக் கூட்டாளி, இன்ஸ்பெக்டர் அர்ச்சுனன்.

"கடையிலதான். ஏன், உன் போன் மறுபடி தண்ணியில விழுந்துருச்சா?"

"கொலை கேசுடா. கோயில்ல கேமரா இருக்கு. எல்லாம் ஒரு கம்ப்யூட்டர்ல ஏறுது. ஆனா அந்த ஹார்ட் டிஸ்க் ஒரு நேரம் தெரியுது, ஒரு நேரம் தெரிய மாட்டேங்குது. டிக் டிக்குனு சத்தம் வேற."

"லேபுக்கு அனுப்பேன்."

"அனுப்பத்தான் போறேன். அதுக்குள்ள நாளைக்கு அந்தம்மாவ கோர்ட்ல நிப்பாட்டணும்லா. எனக்கென்னமோ அது செஞ்சிருக்கும்னு தோணல. பொங்கல்ல சக்கரையே கம்மியா போடுற பொம்பள, ரத்தம் வர்ற அளவுக்கு போவுமா?"

"உன் மூளையே மூளை மச்சான்... வாரேன்."

லூயிஸ் கோயிலுக்கு வந்து சேர்ந்தபோது மத்தியான வெயில் தகரக் கூரையைப் பொரித்துக்கொண்டிருந்தது.

அலுவலகத்தில் மூன்று பேர்.

இன்ஸ்பெக்டர் அர்ச்சுனன். வீரம்மாவின் மகள் ஷாமினி, அழுது அழுது கண் வீங்கியிருந்தாள். மூன்றாவது, கோயில் செயலாளர் சுகுமாரன். நெற்றி நிறைய விபூதி, கை நிறையக் கயிறு. கதவுக்குப் பின்னால் பல்லி விழும் பலன் அட்டையை ஒட்டி வைத்த புண்ணியவான் இவர்தான். பஞ்சாங்கம் பார்க்காமல் பல் கூட விளக்க மாட்டார்.

கம்ப்யூட்டர், தலைவர் நாற்காலிக்கு முன்னால் மேசைக்கு அடியில் இருட்டில் கிடந்தது. மேலே சுவர் மூலையில் கறுப்புக் குமிழாக ஒரு கேமரா, முறைத்தபடி.

"இந்தக் கேமரா ஓடுதா?" லூயிஸ் கேட்டார்.

"ஓடுதுன்னுதான் தலைவர் சொல்வாரு," என்றார் சுகுமாரன். "ஆனா கம்ப்யூட்டர் கிட்ட எங்கள விடவே மாட்டாரு. எதுக்குண்ணே சிரமம்? ரோசாக் ஆயிருச்சு, கெட்டது கெட்டதுதான். புதுசு வாங்கிக்கலாம்லா."

"தலைவரையும் புதுசு வாங்கிக்குவீங்களா?"

சுகுமாரன் கைக்கயிற்றைச் சரி செய்துகொண்டார்.

லூயிஸ் மேசைக்கு அடியில் நுழைந்தார். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார். உள்ளே கும்மிருட்டு. டார்ச் பைக்குள் இருந்தது. எடுத்திருக்கலாம். ஆனால் டார்ச் அடித்துப் பார்ப்பது கற்றுக்குட்டிகள் வேலையாம். கையால் தடவியே கண்டுபிடிப்பாராம்!

ஸ்விட்சைப் போட்டார். திரை வந்தது. 'டிஸ்க் இல்லை' என்றது.

டிக்... டிக்... டிக்...

மேசை மேல் யாரோ விரலால் தட்டுகிற சத்தம் கேட்டது. லூயிஸ் தலையை வெளியே நீட்டினார். சுகுமாரன்தான்.

"என்னண்ணே தட்டுறீங்க?"

"பழக்கம்லா. பல்லி சொன்னா தட்டணும். சொன்னது சத்தியம்னு ஒத்துக்கிறது."

"அது பல்லி இல்லண்ணே, ஹார்ட் டிஸ்க்."

"தெரியுது, தெரியுது. கைக்குத் தெரிய மாட்டேங்குது."

லூயிஸ் வேலையைத் தொடர்ந்தார். டேட்டா கேபிளை மாற்றினார். டிஸ்க் தெரிந்தது. ஷாமினி எட்டிப் பார்ப்பதற்குள் மறைந்தது. போர்டில் வேறு ஓட்டையில் செருகினார். தெரிந்தது. ஒரு போல்டர் திறந்தது... திரை அப்படியே உறைந்தது. டிஸ்க் மறுபடி காணோம். கரண்ட் ப்ளக்கைத் தொட்டு ஒரு அமுக்கு அமுக்கினார். வந்தது. போனது.

டிக்... டிக்... டிக்...

"முடிஞ்சது கதை," என்றார் எழுந்து, கையைத் தட்டிக்கொண்டு. "இந்தச் சத்தம் வந்தா, உள்ள முள்ளு தட்டுல மோதுதுன்னு அர்த்தம். ஆன் பண்ற ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் கீறும். இன்னும் ஒரே ஒரு தடவ முயற்சி பண்ணலாம். வந்தா உடனே என் டிஸ்க்குக்கு காப்பி எடுத்துருவேன். வரலன்னா..."

"வரலன்னா எங்கம்மா?" ஷாமினி குறுக்கிட்டாள். "அண்ணே, எங்கம்மா சத்தம் போடும். தோட்டத்துல பொறந்து வளந்த வாயி. ஆனா யார் மேலயும் கைய ஓங்குனது இல்லண்ணே."

டிக்... டிக்... டிக்...

சுகுமாரனின் விரல் மேசையைத் தட்டியது.

"பாருங்க," என்றாள் ஷாமினி. "அதுவே சொல்லுது."

"டிஸ்க்குக்கு ஜோசியமும் வருமா?" லூயிஸ் சிரித்தார். ஆனால் அவர் பார்வை சுகுமாரனின் விரல் மேல் நின்றது.

அர்ச்சுனன் செயலாளரிடம் திரும்பினார். "அன்னிக்கு சாயங்காலம் நீங்க எங்க இருந்ததா சொன்னீங்க?"

"பீடோர்ல. ஒரு கல்யாண வீடு. ராத்திரிதான் திரும்புனேன்."



பெட்டியிலிருந்து டிக் சத்தம் வரவில்லை.

சுகுமாரனின் கை மேசைக்கு மேல் அந்தரத்தில் காத்திருந்தது. அவருக்கே தெரியாமல். டிக் வரட்டும், தட்டிவிடலாம் என்று... வரவே இல்லை. நெற்றி விபூதி வேர்வையில் கரைந்து மூக்குக்கு இறங்கியது.

லூயிஸ் பார்த்துவிட்டார். கெட்ட மனுஷன். முட்டியால் கம்ப்யூட்டரை ஒரு இடி இடித்தால் சத்தம் வரும் என்று அதற்குள் கண்டுபிடித்து வைத்திருந்தார். நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்தார். அப்பாவு செத்த அதே நாற்காலியில்.

"எனக்கு ஒண்ணு தோணுது மச்சான்," என்றார். "கொன்னவன் இப்ப இந்த ரூம்லதான் நிக்கிறான்."

முட்டி மெல்ல இடித்தது.

டிக்... டிக்... டிக்...

சுகுமாரனின் விரல் மேசையைத் தட்டியது. ஒன்று. இரண்டு. மூன்று.

அப்புறம்தான் அது தன் விரல் என்பது அவருக்கு உறைத்தது.

"எதுக்குத் தட்டுனீங்க?" அர்ச்சுனன் கேட்டார். குரலில் எண்ணெய் தடவியது போல ஒரு மென்மை.

"பழக்கம்..."

"சத்தியத்துக்குத்தானே தட்டுற பழக்கம்?"

சுகுமாரன் சுவர் மூலைக் கேமராவைப் பார்த்தார். மேசைக்கு அடியைப் பார்த்தார். தரையில் உட்கார்ந்தார்.

"நாந்தான்," என்றார். "நாந்தான்லா. நோட்டீஸ் அடிக்கிறது நானு, படம் அவருக்கு. மைக் செட்டுக்கு அலையுறது நானு, மாலை அவருக்கு. இந்தத் தடவையாச்சும் விட்டுக் குடுங்கன்னு கேக்க பின்பக்கக் கதவு வழியா வந்தேன். 'நான் செத்தாத்தான் இந்த நாற்காலி உனக்கு'ன்னாரு. அப்ப... அப்ப பல்லி சொல்லுச்சு."

"என்னது?"

"டிக் டிக்குனு. மேசைக்கு அடியில இருந்து. சாமி உத்தரவு குடுத்துருச்சுன்னு நெனச்சுட்டேன். மணி கைக்குப் பக்கத்துல இருந்துச்சு."

ஷாமினி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எங்கம்மாவ புடிச்சிட்டுப் போனப்ப பக்கத்துலதானே நின்னீங்க," என்றாள். "எனக்கு டீ வாங்கிக் குடுத்தீங்களே... அந்த டீய நானும் குடிச்சேனே."



"போட்டிருந்த சட்டை எங்க?" இது அர்ச்சுனன்.

"கோயிலுக்குப் பின்னால, பாம்புப் புத்துக்குள்ள."

வாசலில் நின்ற கான்ஸ்டபிள் ஓடினார். கோலால் கிளறினார். பாம்புக்கு முன்னால் சட்டை வந்தது. ரத்தக்கறையோடு. அர்ச்சுனன் விலங்கை எடுத்தார்.

லூயிஸுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. "பாத்தியா மச்சான். டிஸ்க்கு உயிர விடுற நேரத்துலயும் சாட்சி சொல்லிட்டுதான் விட்டிருக்கு. பாவம்." மின்சாரத்தை நிறுத்தினார். டிஸ்க்கைக் கழற்றி வெளியே எடுத்து, பிணத்தைக் கிடத்துவது போல மேசையில் கிடத்தினார்.

டிக்... டிக்... டிக்...

நான்கு பேரும் டிஸ்க்கைப் பார்த்தார்கள்.

அது சிவனே என்று கிடந்தது. அதில் ஒரு ஒயர் கூட இல்லை.

டிக்... டிக்... டிக்...

"லூயிஸ்," என்றார் அர்ச்சுனன். "டிஸ்க்கு மேசை மேல இருக்கு. அப்ப உள்ள கத்துறது யாரு?"

வேறு வழியில்லாமல் டார்ச் வெளியே வந்தது. வெளிச்சம் பெட்டிக்குள் பாய்ந்தது.

இரண்டு உருண்டைக் கண்கள்.

"சிச்சாக்," என்றார் அர்ச்சுனன்.

பல்லியேதான். கொழுத்த பல்லி. டிஸ்க் இருந்த இடத்துக்குப் பக்கத்தில், கதகதப்பான மூலையில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. கரண்ட் ப்ளக்கின் வாயோடு ஒட்டி ஒரு முட்டை. அது இடிக்க, ப்ளக் அரைகுறையாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. பல்லி அசைந்தால் டிஸ்க் போகும். மறுபடி அசைந்தால் வரும்.

"முள்ளு தட்டுல மோதுதுன்னு சொன்ன?" அர்ச்சுனன் கேட்டார்.

"சில கேஸ்ல அப்படியும் இருக்கும்லா," என்றார் லூயிஸ், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல்.

ஷாமினி முட்டையைப் பக்குவமாக எடுத்து ஜன்னல் ஓரத்தில் வைத்தாள். லூயிஸ் வேறு ப்ளக்கை மாட்டினார். டிஸ்க் சத்தமே இல்லாமல் ஓடியது. தொட்டதும் திறந்தது. சாகக் கிடந்த நோயாளிக்கு ஒரு ஜலதோஷம் கூட இல்லை!

உள்ளே ஒரே ஒரு கேமராவின் படம்தான் இருந்தது.

வாசல் செருப்பு ஸ்டாண்ட்.

போன திருவிழாவில் அப்பாவுவின் புதுச்செருப்பு காணாமல் போனது ஊருக்கே தெரியும். அதற்குத்தான் இந்த ஏற்பாடு என்பது அவருக்கு மட்டும் தெரியும்.

படம் ஓடியது. சாயங்காலம். வீரம்மா வாய் ஓயாமல் வெளியே வந்தாள். செருப்பை மாட்டினாள். போய்விட்டாள். திரும்பி வரவே இல்லை. அவள் போன பிறகு... அப்பாவு வெளியே வந்தார். உயிரோடு! தன் செருப்பைத் தேடி எடுத்தார், திருட்டுப் பயம், அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனார்.

"தலைவர் உயிரோட இருக்காரு," ஷாமினி திரையைத் தொட்டாள். "எங்கம்மா போனப்புறமும் உயிரோட இருக்காரு."

உடைந்து அழுதாள். அர்ச்சுனன் அவள் தோளில் தட்டினார். "அம்மாவுக்கு மாத்துத் துணி எடுத்துக்கமா. போய் கூட்டிட்டு வரலாம்."

விலங்கோடு நின்ற சுகுமாரன் திரையை எட்டிப் பார்த்தார். "நான்... நான் எங்க?"

"நீங்க பின்பக்கமா வந்தீங்கல்ல? செருப்பு ஸ்டாண்டுல நீங்க எதுக்கு இருக்கப் போறீங்க?" என்றார் லூயிஸ்.

"அப்ப இந்தக் கேமரா?"

லூயிஸ் நாற்காலி மேல் ஏறினார். கறுப்புக் குமிழைத் திருகினார். கையோடு வந்தது. உள்ளே ஒயர் இல்லை, லென்ஸ் இல்லை. கடையின் விலைச் சீட்டு மட்டும் ஒட்டியிருந்தது.

"வெறும் பிளாஸ்டிக்ணே. பயமுறுத்த மாட்டுறது. நீங்க வாயத் தொறக்காம இருந்திருந்தா, டிஸ்க்கு ரோசாக்னு எழுதிக் குடுத்துட்டு நான் வீட்டுக்குப் போயிருப்பேன்."

சுகுமாரன் கடைசியாக ஒருமுறை பெட்டியைப் பார்த்தார். பல்லி வெளியே வந்து அவரைப் பார்த்தது. இந்த முறை எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் வீரம்மா கோயிலுக்கு வந்தாள். முதல் வேலையாகப் பொங்கல் வைத்தாள். சர்க்கரையை அள்ளி அள்ளிப் போட்டாள். தின்றவர்கள் திகட்டுகிறது என்றார்கள். அவளிடம் சொல்லத்தான் யாருக்கும் தைரியம் வரவில்லை.

கமிட்டி அவசரக் கூட்டம் போட்டது. புதுத் தலைவர் யார்? நேற்று வரை அந்த நாற்காலிக்கு முண்டியடித்தவர்கள் எல்லாம் சுவரோடு ஒட்டி நின்றார்கள். ஆளுக்கு ஒரு முதுகுவலி, ஆளுக்கு ஒரு சர்க்கரை வியாதி...

மேசைக்கு அடியிலிருந்து பல்லி வெளியே வந்தது. நிதானமாக நாற்காலிக் காலில் ஏறியது. இருக்கையின் நடுவில் வாலைச் சுருட்டி உட்கார்ந்தது.

டிக்... டிக்... டிக்...

கமிட்டி மொத்தமும் மேசையைத் தட்டியது.

போட்டியின்றித் தேர்வு!